பிரேக்கைப் பற்றி ஒரு வரி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் குட்டியும் நலம். உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? உடைந்து சேர்ந்த எலும்பு குளிருக்குக் குடையத்தான் செய்யும். சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றும் பயிற்சியை விட்டுவிடாதே. நீ விட்டிருப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. போலீஸ் காம்பவுண்டில் பத்து மாதம் வெயிலிலும் மழையிலும் நின்று, மேலெல்லாம் பறவை எச்சம். பாலத்தடியில் இருக்கிற பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டு பம்பர், ரேடியேட்டர், மோதலில் அறுந்துபோன பிரேக் குழாய் எல்லாம் மாற்றி எடுத்து வந்தேன். மூன்று வாரமாக நான்தான் ஓட்டுகிறேன். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு, பதினோரு புண். பஸ்ஸில் போய்க் கட்டுக் கட்டி முடிகிற வேலை இல்லை இது.

ஆனால் தம்பி, இது என் வண்டி இல்லை. உட்கார்ந்தால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருக்கிறது. சின்னப் பள்ளம் வந்தாலும் முதுகுத்தண்டு மண்டைக்கு ஏறுகிறது. மருந்துத் தட்டை ஒழுங்காக வைத்தால் போய்ச் சேரும்போது கத்தரிக்கோல் ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம். டயர் அப்பளம் மாதிரி மெலிசு, அதற்குள் இரண்டு பஞ்சர். குட்டி பின் சீட்டில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணக்கு வாத்தியார், "நர்சம்மா வர்றது ரெண்டு தெருவுக்கு முன்னாடியே தெரிஞ்சுருதும்மா, நான் அதுக்குள்ள வலிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்குவேன்" என்கிறார்.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். பேக்கரித் தெரு பழகவில்லை. நீலத்தில் கறுப்புக் கூரை போட்ட வண்டி இந்த ஊரில் இது ஒன்றுதான். போன வாரம் அந்த வழியாகப் போனபோது, ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் தட்டோடு நின்றுவிட்டார். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். செத்துப்போனவர் பதினெட்டு வருடம் அவர்களோடு மாவு பிசைந்தவர். அன்றிலிருந்து நான் சுற்றுவழியில் போகிறேன்.

அதனால் இதைக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாத சாதாரண வண்டி ஒன்று எடுக்கப்போகிறேன். பேப்பர் உன் பேரில் இருப்பதால் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. வாங்க வருகிறவர்கள் கேட்டால் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. இதில் என்ன நல்லது, என்ன கெட்டது என்று உள்ளது உள்ளபடி எழுது.

இன்னொன்று. சம்மன் வந்திருக்கிறது. உன் மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன் வழக்கில் ஏப்ரல் பத்தாம் தேதி நான் சாட்சி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் படிவம் மூன்று நாள் என் தலையணைக்கடியில் கிடந்தது. கையெழுத்துப் போடக் கை வரவில்லை. நான்காம் நாள் போட்டுவிட்டேன். இங்கே ஜெயிலில் கடிதத்தை உதறிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள், படிக்க ஆளில்லை. அதனால் நீ தாராளமாக எழுது. ஒரு அறையில் பதினாறு பேர் இருக்கிறோம். உன் கடிதத்தை நான் வண்டிப் பகுதி மட்டும் சத்தமாகப் படித்தேன், அப்பளத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் நீ கிணற்றிலிருந்து வெளியே வா. சீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு பிடி இருக்கிறது. அதை மேலே மேலே இழுத்தால் சீட் உயரும். கியருக்குப் பக்கத்தில் ஸ்போர்ட் என்று ஒரு பட்டன், அது எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடு. பாதி முதுகுவலி போய்விடும். மூன்று வாரமாக அதை எரியவிட்டுக்கொண்டா புண் கட்டப் போனாய்?

இனி நல்லது. சின்ன வண்டிக்குள் பெரிய வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், அதுதான் இதன் ரகசியமே. இரண்டு லிட்டர், டர்போ. மூன்றாவது கியரில் லேசாக அழுத்தினால் யாரோ முதுகில் உள்ளங்கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம், நீ பார்க்கிற இடத்துக்கு அது போகும். வளைவில் அப்படியே தரையைக் கவ்விக்கொள்ளும். இவ்வளவும் இருந்தும் பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற வண்டி. பின் சீட்டை மடக்கிப் போட்டு உன் ஃப்ரிட்ஜையே ஏற்றி வந்தோமே, மறந்துவிட்டாயா? வேகமான வண்டி வைத்திருக்கிற எவனும் அக்காவுக்கு ஃப்ரிட்ஜ் கொண்டுவந்து போட முடியாது.

கெட்டது. பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். டயர் நீ சொன்னதுதான். பின்பக்கத் தூண் தடிமன், ரிவர்ஸ் எடுக்கும்போது குழந்தை நின்றாலும் தெரியாது, இறங்கிப் பார்த்துவிட்டு எடு. கிளட்ச் கெட்டி. குறுகின தெருவில் ஒரே மூச்சில் திரும்பாது.

பிரேக்கில் யாரும் குறை சொல்ல முடியாது. முன்னால் இருப்பது பெரிய டிஸ்க். அந்த நாள் காலையில்கூட வேலைக்குப் போகும்போது மேம்பாலத்தில் ஒரு லாரி குறுக்கே வந்துவிட்டது. நூற்றுப்பத்திலிருந்து மிதித்தேன், ஆணி அடித்த மாதிரி நின்றது. பின் சீட்டிலிருந்த நீல டிபன் டப்பா பறந்து முன்னால் வந்து விழுந்தது. வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லு.

ஏப்ரல் பத்தைப் பற்றிப் பயப்படாதே. முன்பு சொன்ன இரண்டு வரியைத் திரும்பச் சொல், வந்துவிடு. நன்னடத்தைக் கழிவு போக ஆகஸ்டில் நான் வெளியே வந்துவிடுவேன். அதற்குள் விற்காமல் இருந்தால் சந்தோஷம். சும்மா சொன்னேன். விற்றுவிடு.

குட்டிக்கு முத்தம்.

உன் தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

சீட் உயர்ந்துவிட்டது. பட்டனையும் அணைத்தேன். நீ சொன்னது சரி, பாதி வலி போய்விட்டது.

உன் கடிதத்தை முதல் தடவை சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாம் தடவை பிரேக் வரியில் நின்றேன். அதற்கப்புறம் அந்த வரியை விட்டு நகர முடியவில்லை.

அந்த நீல டப்பா நான் அன்று காலையில்தான் உன்னிடம் கொடுத்தது. முதல் நாள் சாயங்காலம் வாங்கினேன். ஒரே ஒரு நாள்தான் அது உன்னோடு போயிருக்கிறது. ஆகவே மோதல் நடந்த அந்த நாளைத்தான் நீ சொல்கிறாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று காலையில் ஆணி அடித்த மாதிரி நின்ற பிரேக்.

தம்பி, ஆஸ்பத்திரியில் நீ தோளில் கட்டோடு படுத்துக்கொண்டு என்ன சொன்னாய்? "பிரேக் பிடிக்கலக்கா. சத்தியமா பிடிக்கல. ஒரு வாரமாவே மெத்துனு இறங்குச்சு, ஸ்பேனர் அண்ணன்கிட்ட சொன்னேன், ஒண்ணுமில்ல போன்னுட்டாரு. எங்கிட்ட சாட்சி இல்லக்கா. நான் முன்னாடியே உங்கிட்ட சொன்னேன்னு மட்டும் சொல்லிரு." நீ முன்னாடி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நடந்தது உண்மை, உண்மைக்குக் கீழே ஒரு பலகையைத்தானே வைக்கிறோம் என்று நினைத்துப் போலீசிடம் சொன்னேன். அந்த இரண்டு வரியால் உனக்கு இரண்டு வருடத்தோடு போயிற்று. அந்த இரண்டு வரியால்தான் ஸ்பேனர் அண்ணன் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கோபப்படாதே. இதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், நல்லது கெட்டது கேட்க வேறு யாரிடம் போவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் இன்னும் இருக்கிறார். டெப்போவில் பஸ் கழுவுகிறாராம். கை விரலெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்து, நகக்கண்ணில் புண். என் தொழில் புத்தி, முதலில் அதைத்தான் பார்த்தேன்.

"நான் யாருன்னு தெரியுதாண்ணே?" என்றேன்.

"தெரியும்மா. காகிதத்துல உங்க கையெழுத்தப் பாத்துருக்கேன்" என்றார்.

வண்டியை விற்கப் போவதாகவும், பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் வாசற்படியிலேயே நின்றார். கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டார். டயரைத் தடவினார். கீழே படுத்துப் பார்த்தார்.

"எஞ்சின் தங்கம்மா. பத்து வருஷம் ஓடும். கிளட்ச் தேஞ்சிருக்கு, இன்னும் ஒரு வருஷம் தாங்கும். முன்னாடி வலது பக்கம் ஷாக்ல எண்ணெ கசியுது. வாங்குறவங்ககிட்ட மறைக்காதீங்க."

"பிரேக்?"

"புதுசா குழாய் போட்ருக்காங்க. நல்லாருக்கு." பிறகு மெதுவாகச் சொன்னார், "முன்னாடியும் நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஓட்டிப் பாத்துட்டுத்தான் சாவியக் குடுத்தேன்."

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லம்மா. இப்ப ஓட்றதில்ல" என்றார்.

கிளம்பும்போது வண்டிக் கண்ணாடி வரைக்கும் குனிந்து அவர் சொன்னதை நான் எழுதாமல் இருக்க முடியாது. "தம்பி எங்கிட்ட பிரேக்கப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா. சொல்லிருந்தா விட்ருப்பனா. ஆனா எல்லாரும் சொல்றாங்களே. ஒருவேள சொல்லி, நான்தான் காதுல வாங்கலையோன்னு இப்பல்லாம் தோணுது. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். ஞாபகம் வரல."

தம்பி, ஒரு மனிதர் நடக்காத ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்ள உட்கார்ந்து பாடுபடுகிறார். நீ எனக்கு உடனே பதில் எழுது.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னை யார் அங்கே போகச் சொன்னது? சாட்சி போய் அந்த ஆளைப் பார்த்துப் பேசினாள் என்று யாராவது எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? நல்லது கெட்டது என்னிடம் கேட்டாய், நான் எழுதிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம்.

காலையில் பிடித்தது, சாயங்காலம் பிடிக்கவில்லை. இயந்திரம்தானே. நேற்றுவரை நன்றாக எரிந்த பல்பு இன்றைக்கு எரியாமல் போவதில்லையா? இதற்கு ஏன் டிபன் டப்பாவைக் கணக்குப் பார்க்கிறாய்?

ஸ்பேனர் அண்ணனைப் பற்றி எனக்கும் வருத்தம்தான். அவர் கடையில் நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு ஜெயில் எல்லாம் வராது, லைசென்ஸோடு போய்விடும் என்று வக்கீல் சொன்னார். நான் ஆகஸ்டில் வந்து அவருக்கு ஏதாவது செய்கிறேன். வேறு ஊரில் கடை போட்டுக்கொடுக்கிறேன். அது என் பொறுப்பு.

அக்கா, இங்கே ஒரு குழாய், பதினாறு பேர். என் பக்கத்தில் படுப்பவர் தூக்கத்தில் பல்லை நெறிக்கிறார். நான் நாள்காட்டியில் ஆகஸ்டை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். என்னை மேலே கிளறாதே. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. நீ என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாயே, கனக்கிறேன் இறக்கிவிடு என்று நான் சொன்னபோதுகூட இறக்கவில்லையே. இப்போது மட்டும் ஏன் இறக்கிவிடப் பார்க்கிறாய்?

வண்டியைச் சீக்கிரம் விற்றுவிடு. பாதி விலைக்கு என்றாலும் சரி.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

இடுப்பில் தூக்கியதைச் சொல்லிவிட்டாய். அதைப் படித்துவிட்டு நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குட்டி வந்து, "என்னம்மா தேடுற?" என்றாள். ஒன்றும் தேடவில்லை என்று சொல்லி எழுந்தேன்.

காலையில் பிடித்தது சாயங்காலம் பிடிக்கவில்லை என்கிறாய். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வாரமாக மெத்தென்று இறங்கியது என்பது பொய். அவரிடம் சொன்னாய் என்பதும் பொய். அவர் கொடுத்த வண்டி நல்ல வண்டி. நீ சொல்கிற இந்த ஒரு கணக்கிலேயே அவர் வெளியே வந்துவிடுகிறார், கவனித்தாயா? நான் வக்கீல் இல்லை. புண்ணைத் திறந்து பார்த்து எது அழுகல் எது தசை என்று சொல்கிறவள், அவ்வளவுதான்.

எத்தனை விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன் தெரியுமா? நான் உண்மையைச் சொன்னால் உன் வழக்கைத் திரும்ப எடுப்பார்கள். பொய்ச்சாட்சி என்று என் மேலும் ஒன்று வரும். வேலை நிற்குமா தெரியாது. குட்டிக்கு எட்டு வயது. சொல்லாவிட்டால் அந்த மனுஷன் கொஞ்ச நாளில் தானே தன் மேல் சாட்சி சொல்லிவிடுவார், ஆமாம், தம்பி சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்று. அந்த அளவுக்கு வந்துவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள் நசுங்குகிறார். பதினோரு வீட்டில் சிரித்துப் பேசிவிட்டு, வண்டிக்குள் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு வாய்விட்டு அழுகிறேன். இந்த வண்டியில் எனக்கு அது ஒரு நல்லது, கண்ணாடி கனம், வெளியே கேட்காது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். கோர்ட்டுக்காகக் கேட்கவில்லை, எனக்காக. நீ அந்த பிரேக்கை மிதித்தாயா?

அக்கா


மார்ச் 28

அக்கா,

இதைத் தபாலில் போடப் பயமாக இருக்கிறது. இந்த வாரம் விடுதலையாகிப் போகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தையல்காரர், நல்ல மனிதர். படித்ததும் கிழித்துவிடு.

மிதிக்கவில்லை.

இதை எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் மேலே எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். சாயங்காலம், வெளிச்சம் இருந்தது. பேக்கரித் தெருவைத் தாண்டி அந்த நேர்ச் சாலை இருக்கிறதே, தினமும் வேலை முடிந்து வரும்போது அதில் ஒரு தடவை இழுத்துவிட்டு வருவேன். அதற்காகவே பத்து நிமிடம் சுற்றி வருவேன். அன்றைக்கும் மூன்றாவது கியரில் போட்டு அழுத்தினேன். தூரத்தில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்பது நன்றாகத் தெரிந்தது. நிறுத்துவதற்கு இடம் இருந்தது அக்கா. தாராளமாக இருந்தது. நான் நிறுத்த நினைக்கவில்லை. அவர் நடந்துகொண்டே இருப்பார், அவருக்குப் பின்னால் புகுந்து போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். இந்த வண்டி போய்விடும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை போயிருக்கிறது.

சத்தத்தைக் கேட்டு அவர் நின்றுவிட்டார். நிற்பார் என்று நான் நினைக்கவே இல்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கால் அப்போதும் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது.

நீ நல்லது கெட்டது கேட்டாய். அந்த வண்டியில் இருக்கிற ஒரே கெட்டது இதுதான் என்று நினைக்கிறேன், அது நம்மை ஒரு தடவையும் கைவிட்டதில்லை. அதனால் நமக்கு பிரேக் ஞாபகமே வருவதில்லை. இல்லை, இதுவும் வண்டி மேல் போடுகிற பழிதான். நான்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பிரேக் குழாய் அறுந்திருக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகு விட முடியவில்லை. ஸ்பேனர் அண்ணன் மேல் போகும் என்று முதலில் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபோது நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

உண்மை தெரிந்தால் இன்னும் ஐந்து வருடமோ ஆறு வருடமோ. என்னால் முடியாது. இதை மிரட்டுவதற்காக எழுதவில்லை. போன மாதம் இங்கே ஒருவர் போர்வையைக் கிழித்துக் கயிறு திரித்தார், நாங்கள் நாலு பேர் அவர் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றோம். ஆள் வரும்வரை அப்படியே நின்றோம். அவர் கனம் இன்னும் என் கெட்ட தோளில் இருக்கிறது.

உன் காலைப் பிடிக்கிறேன். பத்தாம் தேதி அந்த இரண்டு வரியைச் சொல்லிவிட்டு வந்துவிடு. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

வக்கீல் மூலம் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

பத்தாம் தேதி காலையில் கோர்ட் வாசலில் நிற்கும்போதுகூட எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கூண்டில் ஏறினேன். உங்கள் தம்பி பிரேக்கைப் பற்றி உங்களிடம் எப்போது சொன்னார் என்று கேட்டார்கள். ஸ்பேனர் அண்ணன் கீழே உட்கார்ந்து, நான் சொல்லப்போவதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார். அவர் உண்மையாகவே காத்திருந்தார், தான் செய்தது என்ன என்று நான் சொல்வேன் என்று. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"சொல்லவே இல்லைங்க. அவன் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நான் போலீஸ்ல சொன்னது பொய்" என்றேன்.

திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள். உன்னைச் சொன்னேன். அந்தச் சாலையில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்றேன். நீ எழுதியதை நான் கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அது நீ சொல்ல வேண்டியது. நான் என் பொய்யை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம்வரை உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள், ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். கிளினிக்கில் என்னை நிறுத்திவைத்திருக்கிறார்கள். என் கூட வேலை செய்கிறவள் ஒருத்தி, என்னை உள்ளே வைத்தால் குட்டியைத் தன்னிடம் விடச் சொல்லியிருக்கிறாள். கணக்கு வாத்தியாருக்கு இப்போது வேறு நர்ஸ் போகிறாள்.

ஸ்பேனர் அண்ணன் என்னிடம் நன்றியும் சொல்லவில்லை, ஏன் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. வராந்தாவில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். முகம் கழுவி முடித்தும் தண்ணீரை நிறுத்தாமல் நின்றார். நான் போய்க் குழாயை மூடினேன். "அப்ப சொல்லலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். "சொல்லலண்ணே" என்றேன்.

வண்டி போய்விட்டது. வந்தவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னேன். எஞ்சின் தங்கம், கிளட்ச் ஒரு வருடம், ஷாக்கில் எண்ணெய் கசிகிறது, இந்த வண்டி மோதி ஒருவர் செத்திருக்கிறார். முதல் இரண்டு பேர் அதோடு போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் ஒரு பல் டாக்டர். கேட்டுவிட்டு வண்டியைச் சுற்றி நடந்தார். "பிரேக் எப்படிம்மா?" என்றார்.

"பிரேக் நல்ல பிரேக்குங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது, அதற்கப்புறமும் கொஞ்ச தூரம் கேட்டது. இப்போது ஒரு பழைய வெள்ளை வண்டி வைத்திருக்கிறேன். மேடு ஏறத் திணறும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குட்டி வாந்தி எடுப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். பார்வையாளர் பட்டியலில் என் பெயரை நீ அடித்துவிட்டாய் என்று வாசலில் பதிவேட்டோடு இருந்த அம்மா சொன்னாள். வேறு யாரையாவது சொல்கிறீர்களா, திரும்பப் பாருங்கள் என்றேன். அந்த அம்மா பொறுமையாகத் தாளைத் திருப்பிக் காட்டினாள். நீ போட்ட கோடு ரொம்ப அழுத்தமாக இருந்தது, அடுத்த தாள் வரைக்கும் பதிந்திருந்தது. தோள் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

நீ உயிரோடு இருக்கிறாயா, சாப்பிடுகிறாயா என்று மட்டும் அவளிடம் கேட்டேன். விசாரித்து வந்து, இருக்கிறார், சாப்பிடுகிறார் என்றாள். திரும்பி வரும்போது பாதி வழிக்கு மேல் இரண்டாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தபோதுதான் தெரிந்தது.

நான் உன்னை இறக்கிவிட்டேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இறக்கிவிட்ட இடத்தில்தான் நிற்கிறேன், எங்கும் போகவில்லை. அடுத்த ஞாயிறும் வருவேன். பெயர் இருந்தால் உள்ளே வருவேன். இல்லாவிட்டால் அந்த அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போவேன்.

அக்கா